உறையாத எண்ணெய்

செம்பட்டி
16 ஜூன் 2024

அன்புள்ள தம்பி முகேசுக்கு,

அக்கா புவனேஸ்வரி எழுதுகிறேன். இங்கே நானும் உன் மச்சானும் பிள்ளையும் சுகம். மாமியாருக்கு முழங்கால் வலி, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீ கோவாவில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உடம்பில் கொஞ்சமாவது சதை பிடித்திருக்கிறதா என்று எழுது.

இந்தக் காலத்தில் போய்க் காகிதமா என்று சிரிக்காதே. இந்த வீட்டில் போன் அடித்தால் உன் மச்சான் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நம் கடைக்கு எண்ணெய் வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். மாமியார் நடுவில் புகுந்து, "என்னப்பா, அங்க மழையா?" என்பார். அதோடு நகர மாட்டார். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். எனக்குக் கட்டைவிரல் வேண்டாம், முழுத் தம்பி வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்மதிக்கு வருகிற மாசியில் மூன்று முடிகிறது. ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவது நம் வழக்கம். இந்த மூன்றாவது வயதை விட்டால் அப்புறம் ஐந்தாவதுதான். பதினோரு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை, இன்னும் மூளிக் காதோடு திரிகிறாள். சித்தையன்கோட்டையில் நம் கருப்பணசாமி கோயிலில் வைத்து மொட்டையடித்து, உன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் அது நடக்காது.

நீ அவளைப் பார்த்தது இரண்டு மாதக் குழந்தையாக, அப்பா காரியத்தின்போது. அப்பா போனபோது நீ கப்பலில் நடுக்கடலில் இருந்தாய். சித்தப்பா மகன் அழகர்சாமிதான் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் வந்து மறுநாளே கிளம்பியவன், அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. சொன்ன ஒன்றிரண்டு பேருக்கு நான் பதில் சொல்லிவிட்டேன்.

அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. எனக்குப் பிறந்த வீடு என்றால் அது நீதான். ஆவணியில் நாள் பார்க்கட்டுமா?

அக்கா
புவனேஸ்வரி


கோவா
2 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆய்வுக்கூட வாசலில் நின்றபடியே படித்தேன். நான் நன்றாக இருக்கிறேன். மச்சானுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். தமிழ்மதிக்கு முத்தம்.

வருகிறேன் அக்கா. நாள் குறி. ஆனால் கொஞ்சம் முன்னதாகச் சொல். நான் இங்கே ஒன்றை வளர்க்கிறேன், அதை விட்டுவிட்டு நினைத்தபடி கிளம்ப முடியாது. என்ன வேலை பார்க்கிறாய் என்று நீ கேட்கும்போதெல்லாம் மழுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை ஒழுங்காகச் சொல்கிறேன்.

கடலில் நாலாயிரம் மீட்டர் ஆழத்துச் சேற்றிலிருந்து எடுத்த பாக்டீரியா அது. அங்கே வெளிச்சம் கிடையாது, குளிர் பிடுங்கும். மேலே நிற்கிற தண்ணீரின் கனம் ஒரு விரல் நகத்தளவு இடத்தில் நானூறு கிலோ. அந்த அழுத்தத்தில் நம் உடம்புச் செல்லின் தோல் இறுகிப்போகும். எதுவும் உள்ளே போகாது, வெளியே வராது.

செல்லின் தோல் கொழுப்பால் ஆனது. மார்கழியில் உங்கள் கடையில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை, இல்லையா? தேங்காய் எண்ணெயில் இருக்கிற கொழுப்பு பெரும்பாலும் ஈர்க்குச்சி மாதிரி நேரானது, நெருக்கி அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயில் வளைந்த கொழுப்பு அதிகம். கருவேல விறகை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் நடுவில் சந்து இருக்குமே, அந்த மாதிரி. குளிர் செய்கிற அதே வேலையை அழுத்தமும் செய்யும். அதனால் ஆழத்தில் இருக்கிற பாக்டீரியா வளைந்த கொழுப்பைக் கூடுதலாகச் செய்து தன் தோலில் சேர்த்துக்கொள்கிறது. அவ்வளவு கனத்துக்கு அடியிலும் தோல் இளக்கமாக இருக்கிறது, பிழைத்துக்கொள்கிறது.

இங்கே அதை இரண்டு எஃகு உருளைகளுக்குள் வைத்து, குளிரில், அதே அழுத்தத்தில் வளர்க்கிறேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகூட நகர முடியாது. இரண்டு வருஷ உழைப்பு அக்கா. இதே வகை வேறு எங்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஊருக்கு வரும் நாட்களில் கூட வேலை பார்க்கிற சகாயசெல்வி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

தம்பி
முகேஷ்குமார்


செம்பட்டி
21 ஜூலை 2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் மச்சானிடம் ஈர்க்குச்சிக் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் நல்லெண்ணெய் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டு நாளா வித்துக்கிட்டு இருக்கேன், இது தெரியாமப் போச்சே" என்றார். இப்போது கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதுவும் தானே கண்டுபிடித்த மாதிரி.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. அதை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு வந்தால் என்ன? இம்புட்டுக் கனத்தைச் சுமந்த ஜீவனுக்கு, கனத்தை எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

பதினோரு வருஷம் பிள்ளை இல்லாமல் இந்த வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்று நீ ஒரு தடவை கேட்டாய். அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. உன் பாக்டீரியாவைப் பற்றிப் படித்ததும் அந்த ஞாபகம் வந்தது. உடனே என்னையும் அதையும் சேர்த்துக் கதை கட்டிவிடாதே. எனக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியம் கிடையாது, காது கேட்காத மாதிரி இருந்தேன், அவ்வளவுதான்.

ஆவணி 14, வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 30. காலை ஆறிலிருந்து ஏழரைக்குள். பழனியிலிருந்து மதுரை பஸ் ஏறினால் செம்பட்டியில் இறங்கிக்கொள்ளலாம். தமிழ்மதி உன் போட்டோவைக் காட்டினால் "மாமா" என்கிறாள். போஸ்ட்மேனையும் மாமா என்கிறாள். அதனால் ரொம்பப் பெருமைப்படாதே.

அக்கா
புவனேஸ்வரி


கோவா
3 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என்னால் வர முடியவில்லை. மச்சானுக்கு ஒரு வரிதான் அனுப்ப முடிந்தது. பாக்டீரியா ஒரு முக்கியமான கட்டத்தில் இருக்கிறது. இந்த நேரத்தில் விட்டுவிட்டு வந்தால் எல்லாம் வீணாகிவிடும். வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அதை மேலே தூக்கி வந்தால் என்ன என்று கேட்டிருந்தாய். கனத்துக்காகவே இளக்கி வைத்த தோல் அது. கனத்தைத் திடீரென்று எடுத்தால் அளவுக்கு மீறி இளகிவிடும். உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிப்போகும். சில வகை தாங்கும். இந்த வகை தாங்காது.

என்னை மன்னித்துக்கொள் அக்கா.

முகேஷ்


செம்பட்டி
20 செப்டம்பர் 2024

தம்பி முகேசுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

உடனே எழுதினால் திட்டித்தான் எழுதுவேன் என்று பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். டிக்கெட் எடுத்தாச்சு என்று மச்சானிடம் போனில் நீ சொன்னதைக் கடையே கேட்டது. விடிவதற்கு முன்பே கோயிலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஆசாரி தங்கக் கம்பியோடு உட்கார்ந்திருக்கிறார். ஏழு மணி வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வர முடியாது என்று அனுப்பிய செய்தியை மச்சான் முதல் நாளே பார்த்திருக்கிறார். எனக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நீயும் அவரும் நல்ல ஜோடி.

"ஏன்டி, தம்பின்னு ஒருத்தன் இருக்கானா, இல்ல சும்மா சொல்றியா?" என்று மாமியார் அத்தனை பேர் நடுவில் கேட்டார். அழகர்சாமி மடியில் உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். மொட்டையை மட்டும் அடித்துவிட்டுத் திரும்பினோம்.

அடுத்து தையில்தான். மாசி பிறந்தால் வயது தாண்டிவிடும். தையில் வருவாயா, மாட்டாயா? பாக்டீரியாவைக் கேட்டு எழுது.

புவனேஸ்வரி


கோவா
14 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். நான் நன்றாக இருக்கிறேன். இங்கே மழை நின்றுவிட்டது.

தமிழ்மதிக்கு முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது? மொட்டைத் தலையோடு ஒரு போட்டோ அனுப்பச் சொல் மச்சானிடம். அவள் என்ன சாப்பிடுகிறாள், யாரோடு விளையாடுகிறாள் என்றெல்லாம் எழுது. சின்ன விஷயமாக இருந்தாலும் எழுது.

வேலை நன்றாகப் போகிறது. பாக்டீரியா நன்றாக வளர்கிறது. தை பற்றி இப்போதே சொல்ல முடியவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கடற்கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு குடும்பம் சின்னப் பெண் குழந்தையை அலையில் நிற்க வைத்து விளையாடியது. அவள் காதில் சின்னக் கம்மல். கொஞ்ச நேரத்துக்கு மேல் என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

முகேஷ்


செம்பட்டி
30 நவம்பர் 2024

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். கடையில் கூட்டம், அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

தமிழ்மதிக்குக் கார்த்திகையிலேயே காது குத்தியாகிவிட்டது. அழகர்சாமி மடியில்தான். எல்லாம் நல்லபடியாக நடந்தது. அவள் ரொம்ப அழவில்லை. நீ இதை நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. தையில் லீவு கேட்டு யாரிடமும் நிற்கவும் வேண்டாம். உன் வேலையைப் பார். உடம்பைக் கவனித்துக்கொள்.

புவனேஸ்வரி


செம்பட்டி
22 டிசம்பர் 2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

பொன்னுத்துரை எழுதுவது. நலமாக இருக்கிறீர்களா? நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

பிள்ளைக்குக் காது குத்தவில்லை. குத்தியாச்சு என்று உங்களுக்கு எழுதிப் போட்டுவிட்டதாக நேற்றுதான் என்னிடம் சொன்னாள். எங்கள் அம்மாவிடமோ, தம்பி தையில் வருகிறான், அதுவரை பொறுக்கச் சொல்லி எழுதியிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறாள். இரண்டு பக்கமும் பொய். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால் எழுந்துபோய் எண்ணெய்ப் பாட்டில் கழுவுகிறாள். ஏற்கெனவே கழுவின பாட்டில்.

நான் அழகர்சாமியிடமே கேட்டுப் பார்த்தேன். "கொள்ளியும் நான்தான் வச்சேன், இதுக்கும் நானே உக்காந்தா அவன் எப்பத்தான் வருவான்?" என்றார். அவரும் உட்கார மாட்டேன் என்கிறார்.

உங்களை வா என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. சாப்பிட உட்காரும்போது அவள் வாசலைப் பார்க்கிற பக்கமாகத்தான் உட்காருகிறாள். அதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமாக இருக்கிறது. அதனால் எழுதினேன்.

இப்படிக்கு
பொன்னுத்துரை


கோவா
30 டிசம்பர் 2024

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு முகம் இல்லை. மச்சான் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே.

நானும் பொய்தான் சொன்னேன். பாக்டீரியா ஆகஸ்ட் 27-ஆம் தேதியே செத்துவிட்டது. கொன்றது நான்.

சாயங்காலம் நாலு மணிக்கு ரயில். கிளம்புவதற்கு முன் இரண்டு உருளையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துப் புது உணவில் போட்டுவிட்டால் சகாயசெல்விக்குத் தொந்தரவு இருக்காது என்று நினைத்தேன். அழுத்தத்தை அரை நாள் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். ஒவ்வொரு உருளையாகத் திறக்க வேண்டும். நான் இரண்டையும் ஒரே நேரத்தில், பத்து நிமிஷத்தில் திறந்துவிட்டேன். பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்தேன். தமிழ்மதிக்கு வாங்கிய கொலுசு பாக்கெட்டில் இருந்தது. மனசு முழுக்கச் செம்பட்டியில் இருந்தது அக்கா.

நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் வெறும் கூடு. உள்ளே இருந்தது ஒழுகிவிட்டது. முன்பே எடுத்து உறைய வைத்திருந்த பங்கிலிருந்தும் ஒன்றும் வளரவில்லை. நாலு நாள் தூங்காமல் முயற்சி செய்தேன். அதற்குள் வெள்ளிக்கிழமை போய்விட்டது.

அப்பா போனபோது வேலைக்காக வரவில்லை. அங்கே வருவதற்காக வேலையைக் கெடுத்தேன். இரண்டு பக்கமும் தவறவிட்டவன் எந்த முகத்தோடு வருவது? பாக்டீரியா உயிரோடு இருக்கிறது என்று எழுதினால் வராததற்கு ஒரு காரணமாவது இருக்கும் என்று எழுதினேன். இங்கே எல்லோருக்கும் நடந்தது தெரியும். மார்ச்சில் அடுத்த கப்பல், மறுபடி சேறு எடுக்கலாம் என்கிறார்கள். கிடைத்தாலும் கிடைக்கும். அதுவரை காலி உருளையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

முகேஷ்


செம்பட்டி
8 ஜனவரி 2025

என் அப்பு முகேசுக்கு,

சுகமாக இருக்கிறோம். நீ ஒழுங்காகச் சாப்பிடு.

அது செத்துப்போனது எனக்கு அக்டோபரிலேயே தெரியும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகூட நகர முடியாது என்று எழுதினவன், காலையிலிருந்து சாயங்காலம் வரை கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதுகிறாய். உனக்கு ஒழுங்காகப் பொய் சொல்லவும் வரவில்லை. நீ அங்கே தனியாக அழுதுகொண்டிருக்கிறாய் என்று தெரிந்தது. காது குத்தியாச்சு என்று சொன்னால் ஒரு பாரமாவது இறங்கட்டும் என்று எழுதினேன். எழுதிவிட்டேனே தவிர, வேறு ஒருவர் மடியில் அவளை உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

உனக்காக நான் இன்னொரு பொய்யும் சொல்லியிருக்கிறேன். இரண்டே முக்கால் வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அப்பா கடைசியாகக் கண் திறந்து, "முகேசு வந்துட்டானா?" என்று கேட்டார். "வந்துட்டான்பா, பஸ்ஸ விட்டு எறங்கிட்டான், நடந்து வாரான்" என்றேன். வாசல் பக்கமாகத் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டார். அப்படியே போய்விட்டார். அவர் உன்மேல் கோபத்தோடு போகவில்லை. நீ வந்துகொண்டிருக்கிறாய் என்ற சந்தோஷத்தோடுதான் போனார். இதைச் சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று மறைத்தேன். மறைத்ததால் என்ன ஆனது என்று இப்போது பார்க்கிறேன்.

தை 18, வெள்ளிக்கிழமை, ஜனவரி 31. நீ வராவிட்டால் யார் மடியிலும் வைக்க மாட்டேன். ஐந்து வயதிலும் வராவிட்டால் ஏழு. அவள் மூளிக் காதோடு பள்ளிக்கூடம் போகட்டும். எனக்கு ஒரே ஒரு தம்பிதான்டா. ஜெயித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று உனக்கு யார் சொன்னார்கள்?

அக்கா


கோவா
15 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. அப்பாவைப் பற்றி எழுதியதற்கு என்னால் இப்போது பதில் எழுத முடியாது. நேரில் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

25-ஆம் தேதியே வந்துவிடுகிறேன். தமிழ்மதிக்கு நான் யாரென்று தெரியாது. வந்த அன்றே தூக்கி மடியில் வைத்தால் பயந்துபோவாள். ஆறு நாள் இருக்கட்டும். நான் அவளைத் தொட மாட்டேன், கூப்பிட மாட்டேன், என் பாட்டுக்குக் கடையில் பாட்டில் கழுவிக்கொண்டு இருக்கிறேன். அவளாக வரட்டும். அவசரப்பட்டு நான் கெடுத்தது போதும்.

மச்சானுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்.

தம்பி
முகேஷ்


செம்பட்டி
12 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து நிம்மதி. நீ போன அன்று மாமியார் இரண்டு தடவை, "அந்தப் பையன் பஸ்ல உக்கார எடம் கெடச்சிருக்குமா?" என்று கேட்டார். அவருக்கு முழங்கால்தான் கோளாறு, மனசு பரவாயில்லை.

நீ வந்த முதல் இரண்டு நாள் அவள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள், நீ திரும்பியே பார்க்காமல் பாட்டில் கழுவினாய். மூன்றாம் நாள் காலையில் தானாக வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து, மூடிகளை ஒவ்வொன்றாக உன் கையில் எடுத்துக் கொடுத்தாளே, அப்போது நான் உள்ளே போய்விட்டேன். ஏன் போனேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். கோயிலில் ஆசாரி கம்பியை எடுத்ததும் உன் கையைக் கடித்துவைத்தாள். அந்தத் தழும்பு மறைந்துவிட்டதா? மறையாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

மறுநாள் நீயும் நானும் சித்தையன்கோட்டை மயானத்துக்குப் போய் நின்றதைப் பற்றி எழுத வேண்டாம். நீ அழுது முடித்ததும் உன் முகம் அப்பா முகம் மாதிரி இருந்தது. அது மட்டும் போதும்.

காது நன்றாக ஆறிவிட்டது. மஞ்சள் தடவி, நல்லெண்ணெய் விடுகிறேன். மார்ச் கப்பலுக்கு வேண்டிய கம்பளித் துணிகளை இப்போதே எடுத்து வை. அந்தச் சேற்றில் உன்னுடைய ஆள் மறுபடி கிடைக்கட்டும். கிடைக்காவிட்டாலும் வா.

இனிமேல் உனக்குப் பொய் எழுதுவதில்லை என்று கருப்பணசாமி முன்னால் நினைத்துக்கொண்டேன். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். நீ போன முதல் நாள் உன்னைத் தேடினாள். இப்போது தமிழ்மதி உன்னைக் கேட்பதில்லை. குழந்தைதானே, மறந்து விளையாடுகிறாள். நான்தான் கேட்கிறேன். எப்போது வருவாய்?

அக்கா
புவனேஸ்வரி